நிறுத்திய வண்டியின் சூடு

எவேலியோவுக்கு வந்த வியாதிக்கு எங்கள் சந்தியாகோ நகரத்து ஆஸ்பத்திரி எதிலும் மருந்து கிடையாது. காய்ச்சலுக்கு மாத்திரை உண்டு, வயிற்றுப்போக்குக்குக் கொய்யா இலை உண்டு. பொறாமைக்கு என்ன கொடுப்பார்கள்?

நான் வேவு பார்த்தவள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. என் ஜன்னலில் விடியற்காலையிலிருந்து காபி விற்கிறேன். அந்த ஜன்னல் எவேலியோ வீட்டு வாசலைப் பார்த்து இருக்கிறது. வீட்டைத் திருப்பியா வைக்க முடியும்?

வண்டி எவேலியோவுடையது இல்லை, அவன் பெண்டாட்டி நெரேய்தாவுடையது. அவள் அப்பா விட்டுப்போன பச்சை நிற பிளிமத் கார். ஐம்பத்தொன்றாம் வருஷத்து மாடல். தெருவில் பாதிப் பேரைவிட மூத்தது. காகிதம் எல்லாம் அவள் பெயரில். ஓட்டுவது இவன். ஊர் மைதானத்தில் ஆள் ஏற்றி, போனியாத்தோ கணவாய் ஏறி இறங்கி, மலைக்கு அந்தப் பக்கத்து ஊர்களில் கொண்டுபோய் விடுவான். மடியில் பிள்ளை, காலடியில் கோழி, பின்னால் வாழைத்தார் என்று வண்டி நிறையத்தான் போகும்.

ஆகஸ்டில் எங்கள் ஊர் எப்படி இருக்கும் என்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். சுற்றி மலை. உள்ளே வந்த காற்று வெளியே போகாது. அந்த வெயிலில் பிளிமத் கணவாயில் இரண்டாம் வளைவு ஏறுவதற்குள் கொதித்துவிடும். பானெட்டைத் திறந்தால் வெள்ளைப் புகை. ஏறியவர்கள் இறங்கி நின்று வாய்க்கு வந்ததைப் பேசுவார்கள்.

"ஏம்ப்பா, சோறு வடிக்கலாம் போல இருக்கே. அரிசி யாராவது வச்சிருக்கீங்களா?" என்பாள் ஒருத்தி.

"காபி போட்டாகூட போதும் தாயி," என்பான் இன்னொருத்தன்.

எவேலியோ ஓடைக்கு இறங்கிப் பாட்டில்களில் தண்ணீர் பிடித்து வருவான். அதற்குள் அதே வழியில் ஆள் ஏற்றும் பார்பரோ தன் நீல ஷெவர்லேயில் வந்து பாதி ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிருப்பான். போகும்போது ஹாரன் அடித்துவிட்டுப் போவான். அதுதான் எவேலியோவுக்குத் தாங்காது.

பிளிமத்தில் இன்ஜின் தண்ணீரின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை எவேலியோ ஸ்டியரிங்கைத் தொட்ட முதல் நாளே கழற்றி எறிந்துவிட்டான். இங்கே எல்லோரும் அப்படித்தான். "பனி கொட்டுற ஊர்க்காரனுக்கு இன்ஜின் சூடாகணும், அதுக்கு வச்சான். நமக்கு எதுக்கு?" என்பார்கள். டேஷ்போர்டில் இருந்த ஹீட் மீட்டரும் நெரேய்தாவின் அப்பா காலத்திலேயே செத்துவிட்டது. முள் இடது ஓரத்தில் படுத்தே கிடந்தது. வண்டி கொதிப்பது புகையைப் பார்த்துத்தான் தெரியும். அது தெரியும்போது ஒன்றும் செய்வதற்கில்லை.

அப்போதுதான் ஒரெஸ்தேஸ் திரும்பி வந்தான். மோவாவில் நிக்கல் ஆலையில் மெக்கானிக்காக இருந்தவன். அங்கே கல்யாணம் பண்ணி, அங்கேயே அதை முடித்துக்கொண்டு, தெருக்கோடியில் அம்மா வீட்டு முற்றத்தில் பட்டறை போட்டான். பார்க்க ஒன்றும் மன்மதன் இல்லை. தலை வழுக்கை, தொப்பை பெல்ட்டுக்கு மேலே வழிகிறது. ஆனால் மோவாவுக்குப் போவதற்கு முன்னால் அவனும் நெரேய்தாவும் பழகியது தெருவுக்கே தெரியும். திருவிழாவில் இருவரும் ஆடிய ஆட்டத்தை நானே பார்த்திருக்கிறேன்.

"ஒரெஸ்தேஸ்கிட்ட ஒரு தடவ காட்டலாமே," என்றாள் நெரேய்தா ஒருநாள் சாப்பாட்டு வேளையில். சிவப்பு மொச்சை போட்ட சோறும் நசுக்கிப் பொரித்த வாழைக்காயும் தட்டில் இருந்தன. கதவு திறந்திருந்தது. எனக்கு எல்லாம் கேட்டது.

"அவன்கிட்டயா? அதுக்கு அந்த ரேடியேட்டர் தண்ணிய நானே குடிச்சிட்டுப் போறேன்."

"குடிச்சா வண்டி ஓடுமா?"

"அவன் பேர எடுக்கும்போது உன் குரல் எப்படி இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"எப்படி இருக்கு?"

"சக்கரை போட்ட மாதிரி இருக்கு."

"சோறு தொண்டையில அடைக்குதுய்யா. தண்ணி குடிச்சிட்டுப் பேசு," என்று அவள் எழுந்து போய்விட்டாள்.

மறுவாரம் எவேலியோவின் கை வெந்தது. வண்டி கொதித்து நின்றபோது பார்பரோ வரும் சத்தம் கேட்டிருக்கிறது. அவசரத்தில் துணிகூடச் சுற்றாமல் ரேடியேட்டர் மூடியைத் திருகிவிட்டான். முன்கை முழுக்கக் கொப்பளம். கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் படுத்தான். வண்டி வாசலில் நின்றது. அன்றுதான் நெரேய்தா ஒரு முடிவுக்கு வந்தாள். அவன் தூங்கும்போது சாவியை எடுத்து, பிரேக்கை விட்டு, சரிவிலேயே வண்டியை உருட்டிக்கொண்டு ஒரெஸ்தேஸ் பட்டறையில் நிறுத்தினாள். ஓட்ட அவளுக்குத் தெரியும், அப்பா சொல்லிக் கொடுத்திருந்தார். ஓட்டவிடத்தான் யாரும் இல்லை.

"செனாய்தா, நீயும் வாயேன்," என்று என்னைக் கூப்பிட்டாள். தனியாகப் போனால் என்ன பேச்சு வரும் என்று அவளுக்குத் தெரியாதா? நானும் போனேன். ஆகவே அந்த முற்றத்தில் என்ன நடந்தது என்பதற்கு நான்தான் சாட்சி. ஒன்றும் நடக்கவில்லை.

ஒரெஸ்தேஸ் பானெட்டைத் திறந்து உள்ளே தலையை விட்டான். "தெர்மோஸ்டாட் எங்க?"

"கழட்டியாச்சு. எல்லாரும் கழட்டுறாங்களே," என்றாள் நெரேய்தா.

"எல்லாரும் கழட்டுறதுதான் கோளாறே. இந்த இன்ஜின்ல சூடான தண்ணிக்கு ரெண்டு வழி. ஒண்ணு ரேடியேட்டருக்குப் போகும், இன்னொண்ணு குறுக்கு வழியில திரும்பவும் இன்ஜினுக்கே வந்துரும். சூடு ஏறினதும் அந்தக் குறுக்கு வழிய அடைக்கிறது யாரு? அதுதான். அத எடுத்துட்டா தண்ணி பாதி ரேடியேட்டர் பக்கமே எட்டிப் பாக்காது. அப்புறம் கொதிக்காம என்ன செய்யும்?"

மாஸ்க்விச் என்ற ரஷ்யக் கார் ஒன்றிலிருந்து எடுத்த தெர்மோஸ்டாட் அவனிடம் இருந்தது. "செனாய்தா அக்கா, உங்க பால் சட்டி ஒண்ணு குடுங்க," என்றான். அடுப்பில் தண்ணீர் வைத்து, அந்தச் சாமானைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டான். தண்ணீர் கொதி வரும் நேரத்தில் அதன் நடுவிலிருந்த தட்டு மெல்ல வாய் திறந்தது. வெளியே எடுத்ததும் மெல்ல மூடிக்கொண்டது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தான். எனக்கும் பார்க்கப் பார்க்க ஆசையாக இருந்தது. பிறகு அது உட்காரும் இடத்தை அரத்தால் ராவி, பழைய அட்டைப்பெட்டியை விளிம்பில் வைத்துச் சுத்தியால் தட்டித் தட்டி வாஷர் வெட்டி, மாட்டி முடித்தான். மீட்டருக்கு ரஷ்ய லாரி ஒன்றிலிருந்து கழற்றி வைத்திருந்ததை எடுத்தான். அதன் சென்சாரையும் என் பால் சட்டியில் முக்கி, முள் நூறுக்குப் போய் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் இன்ஜினில் திருகினான். அந்தச் சட்டியில் இன்றுவரை கிரீஸ் வாசம் போகவில்லை.

வேலை நடக்கும்போது அவன் ஏதோ பழைய வாத்தியார் கதையைச் சொன்னான், நெரேய்தா சிரித்தாள். அவ்வளவுதான். ஆனால் அந்தச் சிரிப்பு அவளுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்திருந்தது. யார் கொண்டுபோனார்களோ!

"வண்டி ரிப்பேருக்கு எதுக்குக் கம்மல்?" இதுதான் எவேலியோ கேட்ட முதல் கேள்வி.

"இது காதுலயே கிடக்குற கம்மல்."

"நேத்துக் கிடக்கலியே."

"நேத்து நீ என் காதப் பாத்தியா? பாத்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பேனே."

கை ஆறியதும் அவன் வண்டியை எடுத்தான். இரண்டாம் வளைவு கடந்தது, மூன்றாவதும் கடந்தது. புகை இல்லை. உச்சியில் நிறுத்திக் கீழே பார்த்தால் ஊரும் கடலும் தெரியும். வேறு யாராக இருந்தாலும் அங்கே நின்று ஒரு சுருட்டுப் பற்ற வைத்திருப்பான். எவேலியோவுக்கு வயிறுதான் எரிந்தது. வண்டி கொதித்திருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பார்பரோ சும்மா இருப்பானா? என் ஜன்னலில் காபி குடித்துக்கொண்டே ஆரம்பித்தான். "என்ன கொம்பாய், வண்டி இப்ப கொதிக்கிறதே இல்லியாமே? ஒரெஸ்தேஸ் கை வச்சா எல்லாம் குளுந்துரும் போல!"

கொம்பாய் என்பது எங்கள் பக்கத்தில் கூட்டாளியைக் கூப்பிடும் சொல். அன்று அதைக் கேட்க வசவு மாதிரி இருந்தது. எவேலியோ கோப்பையைப் பாதியிலேயே வைத்துவிட்டுப் போனான். "வாய வச்சுக்கிட்டு சும்மா இருடா," என்று நான் பார்பரோவைத் திட்டினேன். என் காபி வீணாகிறதே!

அந்த மீட்டர்தான் எவேலியோவைப் பிடித்து ஆட்டியது. ஓட்டும்போதெல்லாம் கண் முன்னால் அந்த முள். ஒரெஸ்தேஸ் வைத்த முள். முதலில் வெறுப்பாகப் பார்த்தான். பிறகு அதிலேயே ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தான்.

மத்தியானம் வீட்டுக்கு வந்து வண்டியை வாசலில் நிறுத்துவான். அவசரமாக நாலு வாய் சாப்பிட்டுவிட்டுப் பத்து நிமிஷம் கண்ணயர்வான். சாவி கதவோரம் ஆணியில் தொங்கும். ஒருநாள் எழுந்துவந்து சாவியைத் திருப்பினான். நிறுத்தும்போது முள் எங்கே இருந்தது என்று அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. இப்போது அதைவிட இரண்டு விரற்கடை மேலே இருந்தது. இன்ஜினை அணைத்துப் போட்டால் சூடு குறையத்தானே வேண்டும்? ஏறுகிறது என்றால்? யாரோ எடுத்து ஓட்டியிருக்கிறார்கள்.

நெரேய்தா அப்போது வீட்டில் இல்லை. ரொட்டிக் கடை வரிசையில் நின்றுவிட்டு வேர்க்க வேர்க்க வந்தாள்.

"எங்க போன?"

"ரொட்டி. பாத்தா தெரியல?"

மறுநாள் அவன் மீட்டர் கண்ணாடியில் பென்சிலால் கோடு கிழித்துவிட்டுத் தூங்கினான். தூங்கினான் என்பது பேச்சுக்கு. படுத்தான். எழுந்து பார்த்தால் முள் கோட்டுக்கு மேலே. அதற்கடுத்த நாள் பின் டயருக்கு அடியில் ஒரு கூழாங்கல்லைச் செருகி வைத்தான். அதை நான் ஜன்னலில் இருந்து பார்த்தேன், டயரைச் சரிபார்க்கிறான் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கல் வைத்த இடத்திலேயே இருந்தது. அறிவுள்ளவனாக இருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பான். இவன் என்ன நினைத்தான் தெரியுமா? கல்லைக்கூடப் பழைய இடத்திலேயே திரும்ப வைத்திருக்கிறாள், எவ்வளவு தேறிவிட்டாள் என்று நினைத்தான்! பின்னால் அவனே என்னிடம் சொன்னது இது.

வீட்டில் சண்டை தினசரி ஆனது. பட்டறை கிரீஸ் ஒட்டியிருக்கிறதா என்று அவன் அவள் செருப்பைத் திருப்பிப் பார்த்தான். பாவாடையில் பெட்ரோல் வாசம் அடிக்கிறதா என்று முகர்ந்தான். பெட்ரோல் வாசம் அவன்மேல்தான் அடிக்கும்! அவள் இல்லை இல்லை என்று சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனாள். ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஊர் மத்தியான மழை தெரியுமே, தகரக் கூரையில் கல் கொட்டுகிற மாதிரி. அந்தச் சத்தத்துக்கு மேலே அவள் குரல் கேட்டது.

"இன்னொரு தடவ இந்த வீட்டுல அவன் பேர எடு. வண்டிய எடுத்துக்கிட்டு பால்மாவுக்கு எங்கக்கா வீட்டுக்குப் போயிருவேன். வண்டி எம்பேர்ல இருக்கு, மறந்துராத."

"போயேன்! போறதுக்குத்தான காத்துக்கிட்டு இருக்க!"

அவள் சும்மா சொல்கிறவள் இல்லை. வண்டி போனால் அவனுக்குப் பிழைப்பில்லை, அவள் போனால் அவனே இல்லை. இதை அவனும் அறிந்தவன்தான். அறிந்தும் பேசினான். மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு அவள்மேல் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. என் புருஷன் உயிரோடு இருந்தவரை நான் அரை நாள் காணாமல் போனாலும் சோறு எங்கே என்றுதான் கேட்பான். எனக்காக ஒருத்தன் செருப்பைத் திருப்பிப் பார்த்ததில்லை. அப்புறம் நெரேய்தாவின் கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பைப் பார்த்தேன். எனக்கு வேண்டாம் சாமி என்று இருந்தது.

அது ஒரு சனிக்கிழமை. எவேலியோ படுத்துவிட்டு எழுந்து வந்தான், சாவியைத் திருப்பினான், மீட்டரைப் பார்த்தான். பிறகு டிக்கியைத் திறந்து வீல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு தெருக்கோடிக்கு நடந்தான். சட்டைகூடப் போடவில்லை. நெரேய்தா ஈரக் கையோடு பின்னால் ஓடினாள். நான் காபி வடிகட்டும் துணியோடு அவள் பின்னால் ஓடினேன். பார்பரோவும் வந்தான். வேடிக்கை என்றால் அவனுக்குக் கால் முளைத்துவிடும்.

"வெளிய வாடா!"

ஒரெஸ்தேஸ் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தான். முதலில் வழுக்கை வந்தது, பிறகு தொப்பை. ஸ்பேனரைப் பார்த்துவிட்டு எழுந்திருக்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"என்னய்யா, வண்டி கொதிக்குதா?"

"எம்பொண்டாட்டி தெனம் மத்தியானம் வண்டிய எடுத்துக்கிட்டு எங்க வர்றா? இங்கதான?"

"இங்கயா? யாரு சொன்னா?"

"நீ வச்ச முள்ளு சொல்லுது! நிறுத்தும்போது நடுவுல இருக்கு. எந்திரிச்சு வந்தா மேல நிக்குது. ஓட்டாம எப்படிடா ஏறும்? பேய் வந்து ஓட்டுதா?"

ஒரெஸ்தேஸ் அவனைப் பார்த்தான். நெரேய்தாவைப் பார்த்தான். சிரிப்பு வாய்வரை வந்துவிட்டது, பிறகு அவள் முகத்தைப் பார்த்து அதை விழுங்கினான்.

"அந்த ஸ்பேனர கீழ வை. வண்டியக் கொண்டா. கணவாய் அடிவாரம் வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டிட்டு வந்து இங்கயே நிறுத்து. அணைச்சிட்டு, சாவிய மட்டும் திருப்பி வச்சிட்டு உள்ளயே உக்காரு. யாரும் எதையும் தொட வேண்டாம்."

அப்படியே செய்தார்கள். எவேலியோ ஓட்டினான், பக்கத்தில் நெரேய்தா, பின்னால் நான். பட்டறை முன்னால் நிறுத்தி அணைத்தான். சாவியைப் பாதி திருப்பினான். முள் பென்சில் கோட்டில் நின்றது.

"பாரு," என்றான் ஒரெஸ்தேஸ், ஜன்னலில் முழங்கையை ஊன்றி. "ஓடும்போது தண்ணி சுத்துது, ஃபேன் சுத்துது, சூட்ட எடுத்துக்கிட்டுப் போகுது. அணைச்சதும் எல்லாம் நின்னுருது. ஆனா இரும்புல ஏறுன சூடு எங்க போகும்? நிக்கிற தண்ணிலதான் இறங்கணும். கொஞ்ச நேரம் ஏறும், அப்புறம்தான் இறங்கும். எல்லா வண்டியிலயும் அப்படித்தான். உங்க வண்டியில மீட்டர் செத்துக் கிடந்ததால நீ பாத்ததில்ல."

முள் அசைந்தது. முதலில் கண்ணின் மயக்கமோ என்று நினைத்தேன். பிறகு கோட்டை விட்டு நகர்ந்தது நன்றாகத் தெரிந்தது. இன்ஜின் செத்துக் கிடக்கிறது, யாரும் எதையும் தொடவில்லை, அது பாட்டுக்கு ஏறிக்கொண்டே போனது. ஒரு விரற்கடை, அப்புறம் இன்னொன்று. தெருவில் நின்றவர்கள் எல்லோரும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்கள். பார்பரோ எல்லோரையும் இடித்துக்கொண்டு முன்னால் வந்தான்.

எவேலியோ முதலில் ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது. அழுகிறான் என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தான். இரண்டும்தான்.

"நான் ஒரு கழுதை! நெரேய்தா, நான் ஒரு முழுக் கழுதை! ஒரெஸ்தேஸ், என்ன மன்னிச்சிருப்பா. சாயந்திரம் வீட்டுக்கு வா, ரம் இருக்கு. செனாய்தா அக்கா, எல்லாருக்கும் காபி போடுங்க!" அவள் கையை எடுத்து முத்தம் கொடுத்தான். புறங்கையில் கொடுத்தான், உள்ளங்கையில் கொடுத்தான். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கொடுக்கவும் இல்லை. அவன் வைத்த இடத்தில் அது கிடந்தது.

"எவேலியோ," என்றாள்.

"சொல்லு கண்ணு."

"இது ஏறாம இருந்திருந்தா?"

"என்ன?"

"இந்த முள்ளு. இப்ப ஏறாம அங்கயே நின்னிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"அதான் ஏறிருச்சே!"

"நான் இத்தன நாளா இல்ல இல்லன்னு சொன்னேன். கும்புட்டுச் சொன்னேன். அழுது சொன்னேன். உனக்கு ஏறல. எவனோ தூக்கிப்போட்ட லாரியில இருந்த முள்ளு ஒரே ஒரு தடவ சொல்லிச்சு. உடனே நம்பிட்ட."

ஒரெஸ்தேஸ் ஜன்னலிலிருந்து முழங்கையை எடுத்துக்கொண்டு, இது தன் வேலை இல்லை என்று தெரிந்தவன்போல லாரிப் பக்கம் போய்விட்டான்.

"எறங்கு," என்றாள் நெரேய்தா.

"எதுக்கு? வீட்டுக்குப் போகலாம் வா. எல்லாம் முடிஞ்சிருச்சே."

"உனக்கு முடிஞ்சிருச்சு. எறங்கு."

அவன் இறங்கினான். அவள் நகர்ந்து ஸ்டியரிங்குக்குப் பின்னால் வந்து, சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். கையைப் பாவாடையில் துடைத்தாள். நானும் இறங்கினேன், காலில் செருப்புகூட இல்லை. அவள் ஸ்டார்ட் செய்தாள். இன்ஜின் சூடாக இருந்ததால் தொட்டதும் பிடித்துக்கொண்டது.

"எங்க போற?" அவன் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டான். முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை, போக வழி தெரியாமல் நின்றது.

"பால்மா. எங்கக்கா வீடு."

"எப்ப வருவ?"

அவள் கியரைப் போட்டுவிட்டு அவனைத் திரும்பிப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்த முகத்தில்.

"சொன்னா நம்புவியா?"

கதவிலிருந்து அவன் கை நழுவியது. பிளிமத் தெருவை அடைத்துக்கொண்டு இரைந்தது, நின்றவர்களை ஒதுக்கிக்கொண்டு போனது, முனையில் திரும்பியது.

"நம்புவேன்," என்றான் எவேலியோ.

பக்கத்தில் நின்ற எனக்குத்தான் கேட்டது.